3½ அங்குல சேம்பர் உள்ள 12 கேஜ் துப்பாக்கியில் 3 அங்குலத் தோட்டா போட்டால் வான்கோழி வேட்டைக்குப் பேட்டர்ன் கெட்டுவிடுமா?

கெடாது. (12 கேஜ் என்பது குழலின் விட்ட அளவு, சேம்பர் என்பது தோட்டா உட்காரும் அறை, பேட்டர்ன் என்பது சுட்டதும் குண்டுகள் பரவி விழும் விதம்.) 3½ அங்குல சேம்பரில் 3 அங்குலம், 2¾ அங்குலம் இரண்டையும் தாராளமாகச் சுடலாம். தோட்டா வாய்க்கும் குழலுக்கும் நடுவே அரை அங்குலம் காலியாக இருக்கிறதே, குண்டுகள் அங்கேயே கலைந்துவிடாதா என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் இப்போதைய தோட்டாக்களில் குண்டுகள் வாடு என்ற பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் அடங்கியிருக்கின்றன. அந்த இடைவெளியை அதுவே கடத்திவிடும். காகிதத்தில் சுட்டுப் பார்த்தால் சேம்பர் நீளத்தின் பாதிப்பைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது கடினம்.

ஆபத்து தலைகீழாகச் செய்வதில்தான் இருக்கிறது. தோட்டாவின் மேல் எழுதியிருப்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். சுடாத 3 அங்குலத் தோட்டா 2¾ அங்குலத்தைவிடக் குட்டையாகத்தான் இருக்கும். அதனால் பழைய 2¾ அங்குல சேம்பரில் அது தடையின்றி உள்ளே போய்விடும். சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் ஒடுங்கும் பகுதிக்குள் நீண்டு வழியை நெருக்கும், அழுத்தம் எகிறும். உள்ளே போகிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். குழலில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 12 கேஜில் 2¾, 3 அங்குலத் தோட்டாக்களுக்கு அமெரிக்கத் தர அழுத்த வரம்பு 11,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 3½ அங்குலத்துக்கு 14,000.

சரி, நீளத்தால் என்ன லாபம்? குண்டு எண்ணிக்கை, அவ்வளவுதான். 5ஆம் எண் ஈயக் குண்டு (எண் கூடக் கூடக் குண்டு சிறுக்கும்) அவுன்ஸுக்குச் சுமார் 170. 3 அங்குலத்தில் 1¾ அவுன்ஸ் என்றால் 300 குண்டுக்கு அருகில், 3½ அங்குலத்தில் 2 அவுன்ஸ் என்றால் 340. இந்த 40 குண்டும் முழுசாக வான்கோழியின் தலைக்கும் கழுத்துக்கும் போய்ச் சேராது. குண்டு அடுக்கு உயர உயர, வெடிக்கும்போது கீழ் வரிசைக் குண்டுகள் நசுங்கும்; நசுங்கியது நேராகப் பறக்காது. அதோடு பின்னுதைப்பு தோளைப் பதம் பார்க்கும், அதற்குப் பயந்து சுடும் நொடியில் கை உதறினால் எந்தப் பேட்டர்னும் உதவாது. என் கணக்கில் 3½ அங்குலம் அவ்வளவு அவசியமில்லை.

டிஎஸ்எஸ் (டங்ஸ்டன் சூப்பர் ஷாட்) என்ற கனமான குண்டு வந்த பிறகு அந்த அவசியம் இன்னும் குறைந்துவிட்டது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11 கிராம் சொச்சம், இதற்கு 18. அதனால் பொடிசான 9ஆம் எண் குண்டே 5ஆம் எண் ஈயத்துக்கு ஈடாக ஊடுருவும். அவுன்ஸுக்கு ஏறக்குறைய 360 குண்டு. விலைதான் கையைக் கடிக்கும். எந்த அளவுக் குண்டுக்கு அனுமதி என்பது அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பேட்டர்னை உண்மையில் மாற்றுவது சோக், அதாவது குழல் முனையின் ஒடுக்கம். 12 கேஜில் ஈயத்துக்கு .660 முதல் .670 அங்குல விட்டம் வரை பொதுவான தொடக்கம். ரொம்ப இறுக்கினால் குண்டுகள் நெரிந்து நடுவில் ஓட்டை விழும். ஸ்டீல் குண்டை இப்படி இறுக்கமான சோக்கில் சுடவே கூடாது.

சோதிக்கும்போது மூன்றடி சதுரக் காகிதத்தின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். முதலில் மலிவான 1⅛ அவுன்ஸ் தோட்டாவால் 20 கஜத்தில், துப்பாக்கியை எதன்மேலாவது ஊன்றிச் சுட்டு, குண்டுக் கூட்டத்தின் மையம் புள்ளியில் விழுகிறதா பாருங்கள். பிறகு வேட்டைத் தோட்டாவோடு 40 கஜத்துக்குப் போங்கள். வட்டத்தைப் புள்ளியைச் சுற்றிப் போடாமல், குண்டு அடர்ந்த இடத்தைச் சுற்றி 10 அங்குலத்துக்குப் போட்டு எண்ணுங்கள். 100 தேறினால் அந்தத் தூரத்துக்குப் போதும் என்பது வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. தேறாவிட்டால் 35, 30 என்று நெருங்கி வாருங்கள். 100 கிடைக்கும் தூரம்தான் உங்கள் எல்லை. வட்டத்தின் மையம் புள்ளியிலிருந்து விலகியிருந்தால் சைட்டை (குறிபார்க்கும் உறுப்பை) திருத்த வேண்டும், சோக்கின் மேல் பழி போடாதீர்கள். ஒரே காகிதத்தை நம்பவும் வேண்டாம்: ஒவ்வொரு தோட்டா-சோக் ஜோடிக்கும் மூன்று காகிதமாவது வேண்டும்.

அதே ஜோடியை 15 கஜத்திலும் ஒரு தடவை சுடுங்கள். இறுக்கமான சோக்கில் அங்கே கூட்டம் மூடிய கை அளவுக்கு வந்துவிடும். பக்கத்தில் வந்த ஆண் வான்கோழியைப் பலர் தவறவிடுவது இதனால்தான். மணி சைட் (குழல் முனையில் உள்ள சிறு மணி) மட்டும் இருந்தால் கன்னத்தைக் கட்டையிலிருந்து லேசாகத் தூக்கினாலே குண்டு மேலே போய்விடும். சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் ரெட் டாட் சைட் பொருத்தினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.