வழக்கறிஞர் பதில்கள்: திருட்டுப் படத்துக்கு யார் மீது வழக்கு?

கேள்வி: திருட்டுத்தனமாகப் பதிவிறக்கம் செய்கிறவர்களில் நூறு பேர் மீது வழக்குப் போட்டால் மற்றவர்கள் அடங்கிவிட மாட்டார்களா?

பதில்: போட்டுப் பார்த்தாயிற்று. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 2003-இல் ஆரம்பித்து ஐந்தாண்டுகளில் 30,000-க்கும் மேற்பட்ட சாமானியர்கள் மீது பாய்ந்தது. பெரும்பாலோர் சில ஆயிரம் டாலரைக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். மின்னசோட்டாவில் ஒரு பெண் மட்டும் கட்ட மறுத்து நீதிமன்றம் போனார். விவகாரம் வெறும் 24 பாடல்கள். 2007-இல் ஜூரி விதித்தது 2,22,000 டாலர். மறுவிசாரணையில் அது 19,20,000 ஆனது! மூன்றாவது ஜூரி 15 லட்சம் என்றது. நீதிபதி அதை 54,000 ஆகக் குறைத்தார். 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய 2,22,000-க்கே கொண்டுபோய் நிறுத்தியது. இதற்கிடையில், 2008-லேயே, இப்படிப் புது வழக்குகள் போடுவதைச் சங்கம் கைவிட்டுவிட்டது.

இந்த யோசனையோடு வரும் கட்சிக்காரரிடம் நான் கேட்பது இதுதான்: ஜெயித்த பிறகு பணத்தை யாரிடம் வசூலிப்பீர்கள்? உங்கள் அடுத்த படத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டியவரும் அவர்தானே?

கேள்வி: ஒரு தளத்தை முடக்கினால் மறுநாளே ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. நீதிமன்றங்கள் ஏன் வேடிக்கை பார்க்கின்றன?

பதில்: வேடிக்கை பார்க்கவில்லை, துரத்தக் கற்றுக்கொள்ளத்தான் நாளாயிற்று. முன்பெல்லாம் புதிய முகவரி ஒவ்வொன்றுக்கும் புதிய மனு, புதிய வாய்தா. நடத்துகிறவர் யாரென்றே தெரியாததால் இந்தியாவில் 'அசோக்குமார்' என்று ஒரு பெயரைப் போட்டு எதிர்மனுதாரர் ஆக்குவது வழக்கம். (நிஜ அசோக்குமார்கள் மன்னிக்கவும்.) 2019-இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழி திறந்தது. தடைபட்ட தளத்தின் நகல் முளைத்தால், பிரமாணப் பத்திரத்தோடு இணைப் பதிவாளரிடம் போகலாம். பழைய உத்தரவே புதிய முகவரிக்கும் நீளும். இங்கிலாந்தில் 2017-இல் கால்பந்து லீக் இன்னும் கெட்டிக்காரத்தனமான உத்தரவு வாங்கியது: ஆட்டம் நடக்கும் நேரத்திலேயே திருட்டு ஒளிபரப்பு வரும் சர்வர்களை முடக்கலாம்.

ஆனால் வேகம் கூடினால் தவறான கழுத்தும் அகப்படும். 2012-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் உத்தரவைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த வீடியோ தளத்தையும் சேர்த்து மூடின. தளம் முழுவதையும் அல்ல, குறிப்பிட்ட பக்கத்தின் முகவரியை மட்டும்தான் முடக்க வேண்டும் என்று நீதிமன்றமே பிறகு விளக்க வேண்டியதாயிற்று. தயாரிப்பாளர் தரப்பு நீட்டும் பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் நான் மனுவில் சேர்ப்பதில்லை. அதனால் என்மேல் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு.

கேள்வி: எந்தத் திரையரங்கில் படம் பிடித்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: படமே காட்டிக்கொடுக்கும். டிஜிட்டல் முறையில் திரையிடும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி காட்சிக்குள் கலக்கிறது. எந்தத் திரையிடு கருவி, எந்தத் தேதி, எத்தனை மணி என்பது கால் மணி நேரத் துல்லியத்தில் அதில் இருக்கும். ஐந்து நிமிடத் துண்டு கிடைத்தாலே அதைப் படித்துவிடும் வகையில் வடிவமைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 2023-இல் திருத்திய திரைப்படச் சட்டப்படி மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்கி, படத்தின் மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். பெரிய படத்தில் கை வைத்தவர் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நான் சந்தா கட்டும் தளத்தின் கடவுச்சொல்லைத் தோழிக்குக் கொடுத்திருக்கிறேன். இதுவும் திருட்டா?

பதில்: நிறுவனத்தோடு நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறுகிறீர்கள், அவர்கள் கணக்கை மூடலாம். அதற்காக யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை. தோழி அதை நான்கு பேருக்கு விற்க ஆரம்பித்தால் மறுபடி எழுதுங்கள்.