கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 8 வருடமாக ஓவர்லாக் டெய்லர். தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்க்க முடியாது என்றதற்கு சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கண்டபடி திட்டி வெளியே அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் கூப்பிட்டு, இரண்டு தாளில் கையெழுத்து வாங்கி 12,000 ரூபாய் கொடுத்தார்கள். படிக்கக்கூட விடவில்லை. எனக்கு நியாயம் கிடைக்குமா?

பதில்: அவர் திட்டியது அநியாயம்தான். ஆனால் உங்கள் வழக்கு அதில் நிற்காது. அந்த இரண்டு தாளில் நிற்கிறது. ஒன்றில் 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்றுதான் அநேகமாக இருக்கும். அப்படியானால் நீக்கப்பட்டதற்கான இழப்பீட்டை நீங்கள் கேட்கும்போது, ராஜினாமா கடிதத்தை நீட்டுவார்கள். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஆகவே இன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் கம்பெனிக்கு எழுதுங்கள்: படிக்க விடாமல் கையெழுத்து வாங்கினீர்கள், நான் விலகவில்லை, வேலைக்கு வரத் தயார். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

என்னிடம் வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பி.எஃப். பணத்தில். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்று அதை எடுக்க பிரவுசிங் சென்டருக்குப் போவார்கள். விலகிய காரணம் என்ற இடத்தில் அங்கிருக்கும் பையன் எதையோ தட்டிவிடுவான். பிறகு கம்பெனி வக்கீல், 'இவரே விலகியதாகச் சொல்லியிருக்கிறார்' என்று அதை எடுத்துவைப்பார். அதனால் இப்போதைக்குப் பி.எஃப்.பைத் தொடாதீர்கள், பாஸ்புக்கை மட்டும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். 8 வருடத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதே முதலாளியின் இன்னொரு யூனிட்டில் கான்ட்ராக்டர் பெயரில் சேரச் சொன்னாலும் அவசரப்படாதீர்கள். புதிதாகச் சேர்ந்தவர் என்று காட்டி, பழைய சர்வீஸை மறைக்கப் பார்ப்பார்கள்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை விஷயம் வேறு. 5 வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் அது உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 13,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள்: வருடத்துக்கு 7,500, 8 வருடத்துக்கு 60,000. 'எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்று இரண்டாவது தாளில் இருந்தாலும் இந்த உரிமை போகாது.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: கிராஜுவிட்டியை முழுதாகத் தந்து, அதற்கு மேல் ஆறு மாதச் சம்பளமாவது கொடுத்தால் சமரசமாகப் போய்விடுங்கள். தொழிலாளர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் அலைய, தினக்கூலியை விட்டு வரும் உங்களால் முடியாது. ஆனால் கம்பெனி ஆபீஸில் இன்னொரு கையெழுத்து வேண்டாம். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னால் மட்டும் போடுங்கள். கிராஜுவிட்டி எவ்வளவு, இழப்பீடு எவ்வளவு, அந்த 12,000 எதற்கு என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துப் போடுங்கள்.