கூரைப் படமும் குடியிருப்போர் சம்மதமும்

கேள்வி: மும்பையில் சமூகவியல் முதுகலை படிக்கிறேன். தாராவியில் நம் தமிழ்க் குடும்பங்கள் மழைக்காலத்துக்கு முன் வீட்டை எப்படிச் செப்பனிடுகின்றன என்பதை ட்ரோன் மூலம் ஆராயலாமா?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: தாராளமாக ஆராயலாம். அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 சதவீதம் வரை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்து மென்பொருளில் இணைத்தால், அளந்து பார்க்கத்தக்க கூரை வரைபடமே கிடைத்துவிடும். மே மாதம் ஒருமுறையும் மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் எடுத்தால், எந்தத் தகரக் கூரையில் புதிதாக நீலத் தார்ப்பாய் விரித்து, காற்றில் பறக்காமலிருக்கப் பழைய டயரும் செங்கல்லும் வைத்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். வீடு வீடாகச் சென்று கேட்டால் இவ்வளவு துல்லியமாகக் கிடைக்காது.

ஆனால் அந்தத் தார்ப்பாய் கடன் வாங்கியதா, வீட்டுக்காரர் போட்டதா, வாடகைக்கு இருப்பவர் தம் காசில் போட்டதா என்பதைப் படம் சொல்லாது. தாராவியின் சந்துகள் பலவற்றில் இரு பக்கத்து மேல்மாடிகளும் ஏறத்தாழ முட்டிக்கொள்வதால், மேலிருந்து பார்த்தால் சந்தே தெரியாது. குழாயடியும் அங்கே வரிசையில் நிற்கும் குடங்களும் உங்கள் வரைபடத்தில் இருக்கவே மாட்டா. ஆகவே அச்சிட்ட படத்தை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்து, குடியிருப்பவரிடமே காட்டி விளக்கம் கேளுங்கள். தம் கூரையை முதல்முறை மேலிருந்து பார்ப்பவர் தாமாகவே பேசத் தொடங்குவார். ஆய்வின் சாரம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இதைவிட முக்கியமானது சம்மதம். தாராவி மறுசீரமைப்புக்காக 2024-இல் தொடங்கிய கணக்கெடுப்பிலும் ட்ரோன் பறந்தது. 1.1.2000-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்பது அத்திட்டம். மேல்மாடிக்காரருக்கு அந்த உரிமை கிடையாது. இந்நிலையில் தலைக்கு மேல் இரையும் எதையும் மக்கள் அச்சத்தோடுதான் பார்ப்பார்கள். நீங்கள் எடுக்கும் ஒரு மாடிப் படம் தவறான கைக்குப் போனால் ஒரு குடும்பத்தின் குடியிருப்பே கேள்விக்குள்ளாகலாம். அதனால், யார், எதற்காக, எந்த நாளில் பறக்கவிடுகிறார் என்பதைச் சந்தின் பெரியவர்களிடமும், முக்கியமாகப் பகலில் வீட்டிலிருக்கும் பெண்களிடமும் முன்கூட்டியே தமிழில் சொல்லுங்கள். வேண்டாம் என்பவரின் கூரையைப் படத்திலிருந்து நீக்கிவிடுங்கள். வடகம் காயவைக்கவும் தலை உலர்த்தவும் மாடிக்கு வருபவர்கள் அந்தப் பெண்கள்தாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது அவர்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: 250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோனுக்கு அனுமதி வேண்டாம் என்கிறார்களே?
– அதே வாசகி

பதில்: 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள், அந்த எடைக்குள் இருப்பதை இயக்க விமானிச் சான்றிதழ் வேண்டாம் என்கின்றன, எந்த வானிலும் பறக்கவிடலாம் என்று சொல்லவில்லை. தாராவி மும்பை விமான நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அவ்விடம் எந்த நிற மண்டலத்தில் (மஞ்சள், சிவப்பு என்றால் அனுமதி தேவை) வருகிறது என்று பார்த்து, உங்கள் கல்லூரி வழியாக எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். அது கிடைக்காவிட்டால், சம்மதிக்கும் வீட்டாரின் மாடியில் நீண்ட கழியொன்றில் கேமராவைக் கட்டி உயர்த்தியும் அக்கம்பக்கத்துக் கூரைகளைப் படமெடுக்கலாம். அதற்கும் அந்தக் கூரைகளுக்கு உரியவர்களிடம் முதலில் கேட்டாக வேண்டும்.