கேள்வி பதில்: மார்கோஸின் பினாமி கட்டடங்கள்

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): ராணுவச் சட்டம் நடக்கும் நாட்டில் கோப்புகள் எல்லாம் ஆட்சியாளர் கையில். வெளிநாட்டு நிருபர் ஊழலை எப்படி நிரூபிக்கிறார்?

பதில்: கோப்பு அங்கே கிடைக்காதுதான். ஆனால் பெரும் கொள்ளைப் பணம் உள்நாட்டில் தங்குவதில்லை. அது போய்ச் சேரும் நாட்டின் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அந்தப் பதிவேட்டின் மேல் சர்வாதிகாரிக்கு அதிகாரம் கிடையாது.

பிலிப்பைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டின் ஆட்சித் தலைவர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். 1981-ல் அதைப் பெயருக்கு நீக்கினாலும் ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை விடவில்லை. 1985 ஜூனில் கலிஃபோர்னியாவின் ‘சான் ஹோசே மெர்குரி நியூஸ்’ நாளிதழ் அவர் வட்டாரத்தின் வெளிநாட்டுச் சொத்துகளை அம்பலப்படுத்தியது. ஆசிய நிருபர் லூயிஸ் சைமன்ஸ், பீட் கேரி, கேதரின் எலிசன் ஆகிய மூவரும் எழுதிய அந்தத் தொடருக்கு 1986-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர்களின் உயரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது.

இப்படிப்பட்ட தேடல் பெயர்ப் பட்டியலில் தொடங்கும். மனைவி இமெல்டா, அமைச்சர்கள், சர்க்கரை வணிகத்தைக் கையில் வைத்திருந்த பெனடிக்டோ, வாழைத் தோட்ட அதிபர் ஃபுளோய்ரெண்டோ, இவர்களின் குடும்பத்தார், வக்கீல்கள், கணக்கர்கள் எல்லோரும் பட்டியலில் வரவேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாவட்டப் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் வாங்கியவர், விற்றவர் பெயர்வரிசை உண்டு; யாரும் பார்க்கலாம். பத்திரம் கிடைத்ததும் தேதி, கடன் கொடுத்த வங்கி, கையெழுத்திட்டவர், வரி பில் போகும் முகவரி ஆகிய நான்கையும் குறிக்க வேண்டும். இதில் வரி பில் முகவரிதான் பொன். கம்பெனிக்கு எந்தப் பெயரும் வைக்கலாம், பில் மட்டும் யாரோ ஒருவர் கைக்குப் போயே தீரவேண்டும். தொடர்பில்லாததுபோல் தெரியும் இரண்டு கம்பெனிகளின் பில்லும் ஒரே வக்கீல் அலுவலகத்துக்குப் போனால் நூல் பிடிபட்டது.

சறுக்கும் இடங்களும் உண்டு. பிலிப்பைன்ஸில் சாந்தோஸ், ரேயஸ், குரூஸ் என்ற குடும்பப் பெயர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும். பெயர் ஒத்துப்போவது ஆதாரமே ஆகாது. நடுப்பெயராக வரும் தாய்வழிக் குடும்பப் பெயர், கணவன் மனைவி பெயர், கையெழுத்து மூன்றும் பொருந்தவேண்டும். அடுத்த தடை குரசாவ், பனாமா போன்ற இடங்களில் பதிவான கம்பெனிகள். பங்குப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவரே முதலாளி என்ற ஏற்பாடு இருந்தால், காகிதம் அங்கே நின்றுவிடும். பிறகு மனிதர்களைத்தான் தேடவேண்டும்: மனஸ்தாபத்தில் பிரிந்த கூட்டாளி, தரகர், பழைய மேலாளர். நியூயார்க்கின் கிரவுன் பில்டிங், 40 வால் ஸ்ட்ரீட் என்ற இரண்டு கட்டடங்களின் உண்மையான முதலாளியும் இப்படித்தான் மறைந்திருந்தார். அவற்றை நிர்வகித்த பெர்ன்ஸ்டீன் சகோதரர்கள் முதலில் வாய் திறக்க மறுத்து, மார்கோஸ் வீழ்ந்தபின் 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உண்மையைச் சொன்னார்கள்.

சொத்து இருப்பதே ஊழலாகிவிடாது. சட்டப்படி வந்த வருமானத்தோடு ஒப்பிட்டால்தான் குற்றச்சாட்டு நிற்கும். அச்சேறும் முன் சம்பந்தப்பட்டவரிடம் கேட்பதும் கட்டாயம். மறுப்பிலேயே சில சமயம் புதுத் தகவல் வந்து விழும்.

கேள்வி (மதுரை வாசகி): உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் மௌனமாகவா இருந்தார்கள்?

பதில்: இல்லவே இல்லை. மார்கோஸின் போர்ப் பதக்கங்கள் போலி என்று எழுதிய ‘வி ஃபோரம்’ பத்திரிகை 1982 டிசம்பரில் மூடப்பட்டது. ஆசிரியர் ஹோசே புர்கோஸ் கைதானார். வெளிநாட்டவருக்கு விசா போகும், உள்ளூர்க்காரருக்கு உயிரே போகும். அதனால்தான் குறிப்பேட்டில் தகவல் தந்தவர் பெயரை எழுதக்கூடாது, ஓட்டல் தொலைபேசியில் அவரை அழைக்கக்கூடாது. இந்த இரண்டில் அலட்சியம் காட்டும் நிருபரை நான் மன்னிக்கமாட்டேன். வெளிநாட்டில் வந்த செய்திகளை ஜெராக்ஸ் எடுத்து மணிலாவில் கைக்குக் கை பரப்பியவர்களும் அதே ஆபத்தைத்தான் சுமந்தார்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): எழுதியதால் என்ன பலன்?

பதில்: 1985 ஆகஸ்டில் 56 எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள் மார்கோஸ் மீது பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள், ஆளுங்கட்சி அதைக் குழுவிலேயே தள்ளுபடி செய்தது. 1986 பிப்ரவரி 25 அன்று மார்கோஸ் தப்பியோடினார், அடுத்த மாதம் சுவிட்சர்லாந்து அவர் கணக்குகளை முடக்கியது. தம்பதியின் சட்டப்படியான வருமானம் ஏறத்தாழ 3,04,000 டாலர்தான் என்று கணக்கிட்ட பிலிப்பைன்ஸ் உச்சநீதிமன்றம், 2003-ல் சுமார் 65.8 கோடி டாலர் சுவிஸ் பணத்தை அரசுடைமையாக்கியது. அதிலிருந்து 1,000 கோடி பெசோ, 2013-ல் வந்த சட்டப்படி, சித்திரவதைக்கு ஆளானவர்கள் உள்ளிட்ட பாதிக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது.