அத்தான் தந்த விறைப்பான போர்டு: குல்மார்க் கொண்டு போகலாமா?

கேள்வி: சொந்த ஊர் வள்ளியூர், வேலை பெங்களூரில். மூன்று குளிர்காலமாகக் காஷ்மீரில் குல்மார்க், உத்தராகண்டில் ஆலி என்று போய், இரு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டிங்கை வாடகை போர்டில் பழகியிருக்கிறேன். நடுத்தரச் சரிவில் இரண்டு பக்கமும் திரும்ப வரும். கனடாவில் இருக்கும் அத்தான் ஊருக்கு வந்தபோது தன் பழைய ஃப்ரீரைடு போர்டை (சமன்படுத்தாத இயற்கைப் பனியில் ஓட்டுவதற்கானது) எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஆறு வருடம் பழையது. நீளம் 162 செ.மீ., விறைப்பு பத்துக்கு 9 என்று போட்டிருக்கிறது. என் எடை 64 கிலோ, காலணி அளவு 8. பிப்ரவரியில் இதைக் குல்மார்க் கொண்டு போகலாமா? நல்ல போர்டுதானா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: கொண்டு போங்கள் தம்பி. ஆனால் முதல் இரண்டு நாள் அதில் ஏறாதீர்கள். வழக்கம்போல ஒரு வாடகை போர்டில் கால் பழகட்டும். மூன்றாம் நாள் இதைக் கட்டிக்கொண்டு, கீழே நான் சொல்லுகிறபடி சோதித்துப் பாருங்கள். உங்கள் எடைக்கும் பழக்கத்துக்கும் இது இப்போதைக்குக் கொஞ்சம் பெரிய போர்டு என்பது என் கணிப்பு. அந்தக் கணிப்பு சரியா என்பதை நீங்களே உங்கள் காலால் தெரிந்துகொள்ள முடியும்.

9 என்ற எண்ணைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். விறைப்புக்கு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒவ்வொருவரும் தங்கள் போர்டுகளுக்குள்ளேயே வரிசை போட்டு எண் கொடுக்கிறார்கள். ஒருவருடைய 7 இன்னொருவருடைய 9 ஆக இருக்கலாம். பள்ளிக்கூட மார்க் மாதிரி 9 வாங்கியது 5 வாங்கியதைவிட உசத்தி என்று நினைத்துத்தான் நம் பிள்ளைகள் பலர் பணத்தை விடுகிறார்கள்.

விறைப்பு என்ன செய்யும் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லுவது லாரி. நாங்குநேரி டோல்கேட் பக்கம் நின்று பாருங்கள். காலி லாரி வேகத்தடையில் ஏறி இறங்கினால் தடதடவென்று குதிக்கும். அதே லாரி மூட்டை ஏற்றி வந்தால் அலுங்காமல் குலுங்காமல் போய்விடும். அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை பாரத்துக்கென்று செய்தது. பாரம் இல்லாவிட்டால் அது வளையாது, வளையாவிட்டால் வேலை செய்யாது. உங்கள் அத்தானின் போர்டும் அப்படித்தான். உள்ளே மரக்கட்டை, அதன் மேலும் கீழும் கண்ணாடியிழை, விறைப்பு கூட்டப் பெரும்பாலும் கார்பன் பட்டைகள். இதை வளைக்கப் பாரம் வேண்டும். அந்தப் பாரம் உங்கள் உடல் எடையிலிருந்து மட்டும் வருவதில்லை, வேகத்திலிருந்தும் வருகிறது.

கணக்காகவே சொல்லுகிறேன். 9 மீட்டர் ஆரமுள்ள வளைவில் நீங்கள் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால், வெளிப்பக்கம் தள்ளும் விசை உங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது சுமார் 22 கிலோ. அதே வளைவை 40 கி.மீ. வேகத்தில் எடுத்தால் சுமார் 90 கிலோ. வேகம் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு. 22 கிலோவுக்கு 9 எண் போர்டு அசைந்து கொடுக்காது. 90 கிலோவுக்குக் கொடுக்கும். மெதுவாகப் போகும்போது ‘கட்டை மாதிரி இருக்கிறது, திரும்பவே மாட்டேன் என்கிறது’ என்று இந்த வகை போர்டைத் திட்டுகிறவர்களும், ‘தண்டவாளத்தில் போகிற மாதிரி இருக்கிறது’ என்று புகழ்கிறவர்களும் பல நேரம் பேசுவது ஒரே போர்டைப் பற்றித்தான். இடையில் வேறுபடுவது வேகமும் எடையும்.

எனக்கே இது தாமதமாகத்தான் விளங்கியது. கல்லிடைக்குறிச்சிக்காரனான நான் பட்டாளத்தில் இருந்தபோது குல்மார்க்கில் ஸ்கீ பழகினேன். ஸ்னோபோர்டுக்கு வந்தது பிறகு. ஒரு வாடகைக் கடையில் ‘இதுதான் இருப்பதிலேயே நல்லது’ என்று எடுத்துக்கொடுத்த போர்டில் இரண்டு குளிர்காலம் ஓட்டினேன். மத்தியானத்துக்குள் தொடை எரியும், திருப்பம் எல்லாம் பின்காலால் உதைத்துத் திருப்புவதாகவே இருக்கும். என் கால்தான் சரியில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். 85 கிலோ ஆளுக்கான போர்டு அது என்று மூன்றாம் வருடம்தான் தெரிந்தது. அந்த இரண்டு வருடத்தில் படிந்த பின்காலால் உதைக்கும் பழக்கத்தை விட இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதலில் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை. பைண்டிங்கை, அதாவது பூட்ஸைப் போர்டோடு பிடித்து வைக்கும் கட்டை, கழற்றிவிட்டு, போர்டைச் சமமான டைல்ஸ் தரையில் கிடத்துங்கள். நடுப்பகுதி சில மில்லிமீட்டர் தூக்கி நின்றால் அது கேம்பர் வடிவம். நடு தரையில் உட்கார்ந்து இரு முனையும் முன்கூட்டியே எழும்பினால் ராக்கர். பல ஃப்ரீரைடு போர்டுகளில் காலடியில் கேம்பரும் முன்முனையான மூக்கில் ராக்கரும் கலந்திருக்கும். கம்பெனி கேம்பர் என்று எழுதியிருந்தும் நடு தரையோடு தரையாகக் கிடந்தால், ஆறு வருட ஓட்டத்தில் போர்டு உயிர் விட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்து, தரையைத் தொடும் நான்கு இடங்களும் ஒருசேரத் தொடுகின்றனவா பாருங்கள். கால் சரியில்லாத நாற்காலி மாதிரி ஆடினால் போர்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியாது.

பிறகு மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதுபோல விரல் முட்டியால் மேல்பரப்பு முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரே சத்தமாக வரவேண்டும். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். போர்டின் ஓரத்து எஃகு விளிம்பான எட்ஜை ஒட்டியும் பைண்டிங் திருகுத் துளைகளைச் சுற்றியும் இரண்டு முறை தட்டுங்கள். எஃகு எட்ஜில் மேலாகப் படிந்த துரு பிரச்சினை இல்லை, தேய்த்தால் போய்விடும். வெடிப்போ உள்வாங்கலோ இருந்தால்தான் கவலை. கட்டைவிரல் நகத்தின் மேல்பக்கத்தை எட்ஜுக்குக் குறுக்கே மெல்ல இழுங்கள். நகம் சீவி வந்தால் கூர் இருக்கிறது. அடிப்பரப்பு வெளுத்துப்போய் உலர்ந்த மாதிரி தெரிந்தால் வாக்ஸ், அதாவது வழுக்குவதற்குப் பூசும் மெழுகு, கேட்கிறது. வாக்ஸ் இஸ்திரிப்பெட்டியில் புகை வந்தால் சூடு அதிகம் என்று நிறுத்திவிடுங்கள்.

கையால் வளைத்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான், பாதி உண்மை சொல்லும். பின்முனையான வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை ஒரு கையில் பிடித்து, நடுவில் மறு கையால் அழுத்துங்கள். அது நீளவாக்கு விறைப்பு. மூக்கை இரு கையாலும் பிடித்துத் துணி பிழிவதுபோல முறுக்கினால் தெரிவது முறுக்கு விறைப்பு. இந்த இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. திருப்பத்தைத் தொடங்க முன்காலால் போர்டின் முன்பாதியை லேசாக முறுக்குகிறோம்; அது முறுகாத போர்டில் உடம்பு முழுவதையும் சாய்த்தால்தான் திருப்பம் பிறக்கும். நீளவாக்கில் விறைப்பாக இருந்தாலும் முறுக்கில் கொஞ்சம் இளகிக் கொடுக்கிற போர்டு பழகுகிறவருக்கு எவ்வளவோ மேல்.

அளவு விஷயம். நீளம் முடிவாவது எடையைப் பொறுத்து, உயரத்தைப் பொறுத்து அல்ல. கம்பெனி கொடுத்திருக்கும் எடை வரம்பைத் தேடிப் பாருங்கள். உங்கள் 64 கிலோ அதன் அடிமட்டத்திலோ அதற்கும் கீழேயோ இருந்தால், எழுதியிருக்கும் 9 உங்களுக்கு 10 மாதிரி நடந்துகொள்ளும். உங்கள் எடைக்கு நான் சாதாரணமாகச் சொல்லுவது 152 முதல் 157 செ.மீ. பவுடரில், அதாவது புதிதாக விழுந்த தூள்பனியில், ஓட்ட நீளம் கூடுதலாக இருப்பது நல்லதுதான். ஆனால் அதே நீளம் மரங்களுக்கு இடையில் உங்களைத் திணறடிக்கும். அகலத்தையும் பாருங்கள். பூட்ஸோடு ஏறி நிற்கும்போது முன்விரல் பக்கமும் குதிகால் பக்கமும் ஒன்று முதல் இரண்டு செ.மீ. வெளியே நீட்டினால் சரி. நீட்டவே இல்லையென்றால் போர்டு உங்கள் பாதத்துக்கு அகலம், ஒரு எட்ஜிலிருந்து மறு எட்ஜுக்கு மாற நேரமெடுக்கும். அத்தானுக்குக் காலணி அளவு 10 என்றால் இந்தச் சிக்கல் வர வாய்ப்பு அதிகம்.

தளர்ந்த வாடகை பூட்ஸோடு விறைப்பான போர்டைச் சோதிப்பது வீண். காலின் அழுத்தம் பூட்ஸிலேயே கரைந்துபோகும், பழி போர்டின் மேல் விழும். குதிகால் உள்ளே எழும்பாத, நடுத்தர விறைப்புள்ள பூட்ஸ் வேண்டும். காசு செலவழிப்பதென்றால் முதலில் பூட்ஸுக்குச் செலவழியுங்கள்.

இப்போது பனியில். ஒரே நாள், ஒரே சரிவு, ஒரே பூட்ஸ், ஒரே பைண்டிங் கோணம். முன்கால் 18 டிகிரி, பின்கால் எதிர்ப்பக்கம் 6 டிகிரி வைத்துத் தொடங்கலாம். வாடகை போர்டில் இரண்டு முறை இறங்கிய கையோடு இதில் இரண்டு முறை இறங்குங்கள். பனி மணிக்கு மணி மாறும். காலையில் ஒன்றையும் மத்தியானம் மற்றொன்றையும் ஓட்டி ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது வெயிலைத்தான். எட்ஜ் மழுங்கியிருந்தாலும் இதே கதி. தீட்டி, வாக்ஸ் போட்டுவிட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இயந்திரம் ஓட்டிச் சமன்படுத்திய சரிவில், ஓரளவு வேகம் பிடித்து, இரண்டு எட்ஜிலும் நீண்ட திருப்பம் எடுத்துவிட்டு நில்லுங்கள். திரும்பி உங்கள் தடத்தைப் பாருங்கள். நம் வயலைத் தெரிந்தவருக்கு இது லேசாகப் புரியும். ஏர் உழுத சால் மாதிரி ஒற்றைக் கோடாக ஓடியிருந்தால் போர்டு எட்ஜில் நின்று வளைந்திருக்கிறது. பரம்படித்த மாதிரி அகலமாகத் தேய்ந்திருந்தால் வழுக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வாடகை போர்டில் சாலும் இதில் பரம்புத் தடமும் கிடைத்தால், இந்த போர்டை நீங்கள் இன்னும் வளைக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பலர் ஓட்டிக் கிளறிய சரிவில் ஒரு முறை நேராக இறங்குங்கள். இங்கேதான் விறைப்பான போர்டு தன் விலையைக் காட்டும். இளகிய போர்டின் மூக்கு படபடவென்று அடிக்கிற இடத்தில் இது அடங்கிப் போகும். அந்த அமைதியை ஒரு முறை உணர்ந்தவர் மறக்கமாட்டார்; எனக்கு இந்த வகை போர்டின் மேல் உள்ள பிரியமெல்லாம் அதற்காகத்தான். கடைசியாக, செங்குத்தான குறுகிய இடத்தில் மெதுவான, குறுகிய திருப்பங்கள். இங்கே பின்காலால் உதைக்காமல் திரும்ப முடிகிறதா? ஆறேழு திருப்பத்துக்குப் பிறகும் தொடை தாங்குகிறதா? இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்றால் போர்டை உறையில் போட்டு வையுங்கள். விறைப்பு 5 அல்லது 6 உள்ள 155 செ.மீ. போர்டில் இரண்டு குளிர்காலம் ஓட்டிவிட்டு மறுபடி இதற்கு வரலாம். அத்தானிடம் வருத்தமில்லாமல் சொல்லிவிடலாம், போர்டு எங்கேயும் போகாது.

பவுடரில் இதன் குணம் வேறு. மூக்கு அகலம், வால் ஒடுக்கம், கால் வைக்கும் இடம் சற்றுப் பின்தள்ளி இருப்பதால் மூக்கு தானாக மேலெழும். அங்கே விறைப்பு அவ்வளவு உறுத்தாது. அதனாலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. ‘பவுடரில் இது நன்றாகப் போகிறதே’ என்று மேலே அபர்வத் மலைக்கு ஏறிவிடத் தோன்றும். குல்மார்க் கொண்டோலா என்ற கேபிள்காரின் முதல் கட்டம் கொங்டூரியில் நிற்கிறது. இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. நம் அகத்தியர் மலை உச்சியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அது. காற்று மெலிந்திருக்கும், கால் சீக்கிரம் தளரும். மேலிருந்து இறங்கும் பரப்பில் பெரும்பகுதி சமன்படுத்தாத இயற்கைச் சரிவு, பனிச்சரிவு அபாயம் உள்ளது. 2023 பிப்ரவரியில் அபர்வத் பகுதியில் போலந்துக்காரர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். எனவே உள்ளூர் வழிகாட்டி, அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை, பனியில் புதைந்தவர் இருக்குமிடம் காட்ட உடம்பில் கட்டிய பீக்கன் கருவி, மண்வெட்டி, துழாவுகோல், இவற்றை உபயோகிக்கப் பழகிய துணை ஆகியவை இல்லாமல் இரண்டாம் கட்டத்திலிருந்து எல்லைக்கு வெளியே இறங்காதீர்கள். புதுப் போர்டின் முதல் நாளில் அங்கே போகவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. இட்டமொழி தேரி மணலில் ஓட்டிப் பார்க்கலாமா என்று வேறு சில தம்பிகள் கேட்டிருக்கிறார்கள். இந்த போர்டை அங்கே கொண்டுபோகாதீர்கள். மணல் அடிப்பரப்பை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும், எட்ஜும் போய்விடும். ஊரில் இருக்கும்போது செய்யக்கூடிய நல்ல பயிற்சி தோரணமலைப் படி. ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். முழங்காலை மடக்கி, ஒவ்வொரு படியிலும் எடையைத் தாங்கி நிதானமாக இறங்கினால், திருப்பத்தில் உழைக்கும் அதே தொடைத் தசை உறுதிப்படும்.

நம் ஊர்ச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் போர்டை வைத்திருப்பதற்கும் முறை இருக்கிறது. தகரக் கொட்டகையிலோ, வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைக்காதீர்கள், ஒட்டு தளரும். அடிப்பரப்பிலும் எட்ஜிலும் தடிமனாக வாக்ஸ் பூசிச் சுரண்டாமல் விட்டு, கட்டிலுக்கு அடியில் படுக்கை வாக்கில் வையுங்கள். குல்மார்க்கிலிருந்து கிளம்பும்போது எட்ஜைப் பழைய வேட்டித் துணியால் துடைத்து, அதையே சுற்றிப் பையில் போடுங்கள். வள்ளியூர் வந்து இறங்கியதும் முதல் வேலையாகப் பையைத் திறந்துவிடுங்கள். ஈரத்தோடு இரண்டு நாள் மூடிக்கிடந்தால் எட்ஜ் முழுக்கத் துரு ஏறிவிடும்.