காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல்: வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

கண் விழித்ததும் பத்துப் பதினைந்து தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு; பத்து மணிக்கு மேல் தானாக அடங்கிவிடுகிறது, சென்னையில் இருக்கிறேன், வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெருத் தூசிதான் காரணம் என்றால் வெளியே போன பிறகு அல்லவா தும்மல் கூட வேண்டும்? உங்களுக்குக் குறைகிறது. அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது படுக்கையை. மெத்தை, தலையணைக்குள் வாழும் தூசி உண்ணி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் வறண்டு சாகும். சென்னையில் 70-ஐத் தாண்டுவது சாதாரணம், அதனால் அதற்கு இங்கே வருஷம் முழுக்கக் கொண்டாட்டம். ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் அதன் எச்சம், அதாவது கழிவு. எனவே பூச்சியைக் கொன்றால் மட்டும் போதாது, எச்சத்தையும் அப்புறப்படுத்த வேண்டும்.

வீடு முழுக்க ஒரே நாளில் புரட்டிப் போடாதீர்கள். படுக்கையறை ஒன்றைச் சரியாகச் செய்தால் போதும். பழைய இலவம்பஞ்சுத் தலையணை இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, துவைக்கக்கூடிய செயற்கைப் பஞ்சுத் தலையணை வாங்குங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் உறை வேண்டும், நெசவு இடைவெளி 10 மைக்ரானுக்குக் குறைவாக. மேலே மட்டும் எலாஸ்டிக் போட்டு மாட்டும் வாட்டர்ப்ரூஃப் விரிப்பு இதற்கு உதவாது. ஆனால் உறையை மாட்டிவிட்டு மற்றதை எல்லாம் விட்டுவிட்டால் பலன் தெரியாது. 2003-ல் வெளியான பெரிய ஆய்வுகளில் பெரியவர்களுக்கு உறை மட்டும் கொடுத்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை.

விரிப்பு, தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். வாஷிங் மெஷினில் அந்த வசதி இல்லையா? கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் கிட்டத்தட்ட 65 டிகிரி வரும். துணியை அதில் முக்கி, குச்சியால் அமுக்கி, அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு வழக்கம்போல் துவையுங்கள். கையை விடாதீர்கள், வெந்துவிடும். பச்சைத் தண்ணீரில் எச்சம் கரைந்து போகும், பூச்சி பிழைத்துக்கொள்ளும். வெயிலில் போட்ட மெத்தையும் அப்படித்தான்: மேல்பரப்பு காயும், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். எழுந்த கையோடு போர்வையை மடித்து மெத்தையை மூடிவிடாமல், ஒரு மணி நேரமாவது திறந்து வையுங்கள். இரவு வியர்வை ஈரம் ஆற வேண்டும்.

துடைப்பத்தால் பெருக்குவதுதான் பல வீடுகளில் தும்மலைக் கிளப்புகிறது. ஈர மாப் போடுங்கள். ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். இதையெல்லாம் வேறு யாராவது செய்வது நல்லது. நீங்களே செய்தால் என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, முடித்ததும் அரை மணி நேரம் அந்த அறைக்குள் போகாதீர்கள். ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். காற்று சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உண்ணியின் எச்சம் கனமானது, கிளம்பிய கொஞ்ச நேரத்தில் படிந்துவிடும். இயந்திரத்தின் வாய்க்கு வந்து சேர்வது குறைவு. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகை எரிச்சலைக் கூட்டும்.

மூக்கைக் கழுவுவது நல்ல நிவாரணம். நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில், அயோடின் சேர்க்காத உப்பு முக்கால் டீஸ்பூன் மட்டமாக, ஆப்ப சோடா கால் டீஸ்பூன். அந்த உப்பு கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் இதற்கென்றே பொட்டலம் விற்கிறார்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது தொட்டி மேல் குனிந்து, தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் நாசியில் ஊற்றினால் மறு நாசி வழியாக வெளியேறும். சுரீரென்று எரிந்தால் உப்பு அளவு தவறியிருக்கிறது. முடித்ததும் பலமாகச் சிந்தாதீர்கள், தண்ணீர் காதுக்கு ஏறும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றவே கூடாது: மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா அபூர்வம்தான், ஆனால் 2024-ல் கேரளத்தில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

மருந்துகளில், அடைப்பைத் திறக்கும் சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்தை மூன்று நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு வகை: முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம், அதற்குள் நிறுத்துகிறவர்கள்தான் "வேலை செய்யவில்லை" என்கிறார்கள். வலது நாசிக்கு இடது கை, இடது நாசிக்கு வலது கை. ஸ்ப்ரேயின் நுனி மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் நோக்கி இருந்தால் ரத்தக்கசிவு குறையும். ஒவ்வாமைக்குத் தரும் மான்டெலுகாஸ்ட் என்ற மருந்து கலந்த மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். மனநிலை மாற்றம் பற்றி 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்குக் கடும் எச்சரிக்கை விடுத்திருக்கிறது.

இரவில் இருமல், நெஞ்சில் விசில் சத்தம், ஒரே பக்கம் நீடிக்கும் அடைப்பு இருந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை எழுதினால், தும்மலை அடக்கும் செட்ரிசின் வகை மாத்திரையை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக ஒரு வாரம் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் ஒவ்வாமை இருந்தும் தோலில் தடிப்பு வராது.