கிறுகிறுப்புக்கு டிரிப்ஸ் ஏற்றலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 76 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. பங்குனி பிறந்ததிலிருந்து படுக்கையைவிட்டு எழுந்தால் கிறுகிறுவென்று வருகிறது என்கிறார். போன வாரம் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார், நல்லவேளை அடி பலமில்லை. தெருமுனை கிளினிக்கில் 'வெயில்தான் காரணம், வாரம் இரண்டு குளுக்கோஸ் ஏற்றுங்கள்' என்கிறார்கள். ஏற்றினால் ஒரு நாள் தெம்பாக இருக்கிறார். தொடரலாமா? மழைக்காலத்துக்கும் இதுபோல் ஏதாவது போட்டுக்கொள்ள வேண்டுமா?"

தொடர வேண்டாம். அடுத்த பாட்டிலுக்கு நாள் குறித்திருந்தால் அதற்கும் போகாதீர்கள்.

அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நீங்களே வேண்டாம் என்பீர்கள். அரை லிட்டர் பாட்டிலில் 5 சதவீத குளுக்கோஸ் என்று எழுதியிருந்தால், உள்ளே 25 கிராம் சர்க்கரை, மற்றதெல்லாம் தண்ணீர். நார்மல் சலைன் என்றிருந்தால் நாலரை கிராம் உப்பு. இரண்டும் கலந்த பாட்டிலும் உண்டு. அதில் ஒரு வைட்டமின் ஊசியைக் கலந்ததும் மஞ்சளாகிவிடும், பார்ப்பவருக்குப் பெரிய மருந்து போலத் தோன்றும். ஒரு மணி நேரம் காற்றாடிக்குக் கீழே கால் நீட்டிப் படுத்திருந்தாலே இந்தக் கிறுகிறுப்பு பாதி அடங்கும். கொஞ்சம் உப்பும் தண்ணீரும் உள்ளே போனால் அன்றைக்குத் தெம்பு வரும். மூன்றாம் நாள் பழைய கதைதான், ஏனென்றால் காரணம் அப்படியே இருக்கிறது.

காரணம் நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பாவின் பிரஷர் மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அது ஹைட்ரோகுளோரோதயாசைடு. சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றும் மருந்து. சிலவற்றில் 'சிடி' என்றிருக்கும், அதுவும் இதே இனம்தான். சர்க்கரைக்குக் கொடுத்திருக்கும் டாபாகிளிஃபுளோசினும் சிறுநீரைக் கூட்டும். இரவில் சிறுநீர் அடைப்புக்குப் போடும் டாம்சுலோசின், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியது. மூன்றும் தனித்தனியாக நல்ல மருந்துகள். ஆனால் மார்கழிக் குளிரில் அளவாக இருந்தது சித்திரை வெயிலில் அதிகமாகிவிடும். வெயிலில் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அழுத்தம் தானாகவே சற்று இறங்குகிறது, வேர்வையில் உப்பும் நீரும் போகின்றன. வயதானவர்களுக்குத் தாகம் தெரிவதும் குறைவு. போதாததற்கு, ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்வார்கள்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். காலையில் அப்பா எழுவதற்கு முன் படுத்தபடியே பி.பி. பாருங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழும்போது அழுத்தம் விழுகிறது என்று பொருள். இதைத் தெரிந்துகொள்ளாமல் சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றுவதை நான் வைத்தியமாக எண்ண மாட்டேன். நீர் பிரியும் மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் என்னும் உப்பு ஏற்கெனவே குறைந்திருந்தால் வெறும் குளுக்கோஸ் அதை இன்னும் இறக்கும். அப்போது தள்ளாட்டத்தோடு குழப்பமும் சேர்ந்துவிடும்.

பாட்டிலோடு இடுப்பில் ஒரு வலி ஊசியும் போடுகிறார்களா என்று கேளுங்கள். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, வலி ஊசி மூன்றும் வெயில் காலத்தில் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே அடிவாங்கும். நான் பார்த்த திடீர் சிறுநீரகச் செயலிழப்புகளில் இப்படி வந்தவை கொஞ்சமல்ல.

இன்னொரு பொறி மருந்துக்கடையில் இருக்கிறது. வாந்தி, பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். கேட்டால் இனிப்பான டப்பா பானத்தை எடுத்துக் கொடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ்.-இல் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அந்தப் பானங்களில் இதைப்போலப் பல மடங்கு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடிய பிறகுதான், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்றது. பெயரை மாற்றினாலும் உள்ளே இருப்பது சர்க்கரைதான். பொடிப் பாக்கெட்டாக வாங்குங்கள், எத்தனை மில்லிக்கு என்று பார்த்துக் கலக்குங்கள். அதுவும் வாந்தி, பேதி வந்தால்தான். தினமும் வேண்டாம். அப்படி வாந்தி, பேதி வரும் நாட்களில் டாபாகிளிஃபுளோசின், மெட்ஃபார்மின், நீர் பிரியும் மாத்திரை இவற்றை நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.

தினப்படிக்கு மோர், நீராகாரம், ரசம், தண்ணீர் எல்லாம் சேர்த்து இரண்டு லிட்டர் அளவுக்கு. தாகம் வரும் வரை காத்திருக்காமல் மணிக்கு ஒரு டம்ளர் என்று கையில் கொடுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விலக்கு. அப்பாவுக்கு இதயம் பலவீனம் என்று எக்கோ எனும் இதய ஸ்கேனில் சொல்லியிருந்தால், அல்லது சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருக்கிறது என்று சொல்லியிருந்தால், இந்த இரண்டு லிட்டர் கணக்கு அவருக்கு இல்லை. மருத்துவர் சொன்ன அளவுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டு தினம் இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். டிரிப்ஸ் இவர்களுக்கு நேரடி ஆபத்து. மூன்று நாளில் மூன்று பாட்டில் ஏற்றிக்கொண்டு, நுரையீரலில் நீர் கோத்து, ராத்திரி உட்கார்ந்தபடியே மூச்சு வாங்க வந்த ஒரு பாட்டியை நான் மறக்கவில்லை. பாட்டில் போட்டவர் யாரும் அவரிடம் 'கால் வீங்குகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எதைக் குறைப்பது என்பது சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்த பிறகு மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

ஆனால் அதற்கு எங்கே நேரம் கிடைக்கிறது? 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மிக நல்ல காரியம். ஆனால் அதே மாத்திரை, அதே அளவு, தையிலும் சித்திரையிலும். நிற்கவைத்து பி.பி. பார்க்கும் மூன்று நிமிடம் எந்த வெளிநோயாளிப் பிரிவிலும் கிடைப்பதில்லை. 70 வயது கடந்தவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு என்று 2024-இல் மத்திய அரசு அறிவித்தது. அதுவும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். கிண்டியில் முதியோருக்கென்றே பெரிய மருத்துவமனை வந்திருக்கிறது. கிறுகிறுப்போடு ஒரு பெரியவர் குடியாத்தத்திலிருந்து அங்கே போய் வர முடியுமா? விழுந்து தொடை எலும்பு முறிந்த பிறகு செலவழிக்க ஆயத்தமாக இருக்கிறவர்கள், விழாமல் இருக்க மூன்று நிமிடம் தர மாட்டேன் என்கிறார்கள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

மழைக்காலத்துக்குப் பாட்டில் எதுவும் தேவையில்லை. ஆவணி வாக்கில் ஃப்ளூ தடுப்பூசி ஒன்று, காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், வலி மாத்திரை கூடாது. இப்போது குறைக்கும் மாத்திரையை ஐப்பசியில் மறுபடி பி.பி. பார்த்துக் கூட்ட வேண்டி வரலாம். குளிரில் அழுத்தம் ஏறும்.

கத்திரி வெயில் நாளில் உடம்பு அனலாகக் கொதித்து, அப்பா பேச்சு குழறினாலோ ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்க ஈரத்துணி போட்டு விசிறுங்கள். அதேபோல், விழுந்ததில் தலை அடிபட்டிருந்து இப்போது தலைவலியோ தூக்கக் கலக்கமோ கூடினால் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

அப்படி ஏதும் இல்லையென்றால் மூன்று நாள் பி.பி. குறித்துக்கொண்டு, அப்பாவின் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு அவருக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். காகிதத்தின் மேலேயே 'படுத்து, நின்று பார்த்த பி.பி.' என்று பெரிதாக எழுதி, உட்கார்ந்ததும் முதலில் அதை நீட்டுங்கள்.